"இனி எதுக்கு டீச்சர்?" என்று கேட்பவரிடம் என்ன பேசுவது?

கேள்வி:

கூடலூர் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். படிப்பு முடித்து இரண்டு வருடம் ஆகிறது. என்னிடம் வரும் ஒரு பெரியவரைப் பற்றித்தான் கேட்கிறேன். வயது 61. பத்து வயதில் பெற்றோருடன் சிலோனிலிருந்து வந்தவர். வாழ்நாள் முழுக்கத் தேயிலைத் தோட்டத்தில் வேலை. போன வருடம் ஓய்வு பெற்றார். மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. தோட்டம் கொடுத்த லைன் வீட்டை (தொழிலாளர்களின் வரிசை வீடு) காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், "வந்துடுங்கப்பா" என்கிறார். இவர் போகிறேன் என்றும் சொல்லவில்லை, போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை. சாப்பிடுகிறார், தூங்குகிறார். மனச்சோர்வுக்கான ஒன்பது கேள்விப் படிவத்தில் மதிப்பெண் குறைவாகத்தான் வந்தது. ஆனால் வரும்போதெல்லாம் "இனி எதுக்கு டீச்சர்?" என்று ஒரே கேள்வி. (என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.) மூச்சுப் பயிற்சி, எண்ணங்களை எழுதும் தாள், தினசரி அட்டவணை எல்லாம் கொடுத்துப் பார்த்தேன். எதுவும் ஒட்டவில்லை. போன தடவை, "நீங்க எத்தனையோ பேருக்கு உதவியா இருந்திருக்கீங்களே ஐயா" என்றேன். சிரித்தார், அப்புறம் வாயே திறக்கவில்லை. அவர் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது எனக்கே அடிவயிற்றில் ஏதோ செய்கிறது. இருத்தலியல் சிகிச்சை இப்படிப்பட்டவர்களுக்குப் பொருந்தும் என்று படித்தேன். மரணம், சுதந்திரம், தனிமை, அர்த்தமின்மை என்று நான்கு தலைப்பு இருக்கிறது. சரி, அவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது நான் என்ன செய்வது? எங்களுக்குத் தனி அறையும் கிடையாது. நடந்துகொண்டே பேசலாமா?

பெயர் வேண்டாம், கூடலூர் வட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

அந்தப் பெரியவரை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காக உங்கள் கடிதத்தில் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மலையில் ஒரு லைனில் நடப்பது அடுத்த லைனுக்கு மதியத்துக்குள் தெரிந்துவிடும்.

இருத்தலியலுக்குப் போவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. சாக நினைக்கிறாரா என்று அவரிடம் நேராகக் கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. அந்தப் படிவத்தின் ஒன்பதாவது கேள்வி அதைத் தொடுகிறது, உண்மைதான். ஆனால் தாளில் "இல்லை" என்று டிக் அடிப்பது வேறு, ஒரு மனுஷியின் முகத்தைப் பார்த்துச் சொல்வது வேறு. "ஐயா, இனி எதுக்குன்னு தோணுறப்ப, போய்ச் சேர்ந்துடலாம்னும் தோணுதா?" என்று கேளுங்கள். கேட்டால் நாமே அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற பயம் நம் துறையில் புதிதாக வருகிற எல்லோருக்கும் இருக்கிறது. ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. பெரும்பாலும், அப்பாடா, ஒருத்தராவது கேட்டாரே என்றுதான் இருக்கும். "தோணுது" என்றால் விடாதீர்கள். எப்போது, எப்படி, வீட்டில் செடிக்கு அடிக்கும் மருந்து இருக்கிறதா, குடிப்பாரா, ராத்திரி யார் துணை என்று கேளுங்கள். வயதான ஆண், மனைவி இல்லை, தனியாக இருக்கிறார், வீடு கைவிட்டுப் போகிறது. இவை ஒன்றாகச் சேர்ந்திருப்பதே நமக்கு எச்சரிக்கை. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, 2022 அக்டோபரிலிருந்து இருபத்து நாலு மணி நேரமும் வேலை செய்கிறது, தமிழில் பேசலாம். அதை ஒரு சீட்டில் பெரிய எழுத்தில் எழுதி அவர் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரிடம் ஒரு முறை அழைத்துப் போங்கள். தைராய்டு, பி12, சர்க்கரை, மறதி, இவற்றையும் பார்த்துவிட வேண்டும். மாத்திரை தேவை என்று மருத்துவர் சொன்னால் எடுத்துக்கொள்ளட்டும். அது நாம் பேசப்போகும் பேச்சுக்கு எந்த விதத்திலும் தடை இல்லை.

சரி, இப்போது உங்கள் கேள்வி.

இருத்தலியல் சிகிச்சை ஒருவரின் கண்டுபிடிப்பு அல்ல. சுவிட்சர்லாந்தில் லுட்விக் பின்ஸ்வாங்கர், மெடார்ட் பாஸ் என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் ஜெர்மன் தத்துவவாதி ஹைடெக்கரின் தத்துவத்தைப் படித்துவிட்டு, நோயாளியின் உலகம் அவருக்கு எப்படித் தெரிகிறது என்று பார்க்கத் தொடங்கினார்கள். வியன்னாவில் விக்டர் பிராங்கிள், நாஜிகளின் வதை முகாம்களிலிருந்து உயிரோடு மீண்டவர், அர்த்தத்தைத் தேடுவதையே மையமாக வைத்தார். அமெரிக்காவில் ரோலோ மே, அவருக்கு அடுத்து இர்வின் யாலம். நீங்கள் படித்த நான்கு தலைப்பும் யாலம் 1980இல் வகுத்துக் கொடுத்தவை. பிரிட்டனில் எம்மி வான் டியூர்சனும் எர்னஸ்டோ ஸ்பினெல்லியும் இதை அன்றாட ஆலோசனை அறைக்கு ஏற்ற முறையாக வளர்த்தார்கள். இவர்களுக்குள் கருத்து வேறுபாடு நிறைய. ஆனாலும் ஒன்றில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். மனிதருக்கு வரும் பதற்றம், வெறுமை எல்லாவற்றையும் நோய் என்று சொல்லிவிட முடியாது. சாவு உண்டு என்று தெரிந்து, நாளைக்கு என்ன என்று தெரியாமல், ஆனாலும் இன்றைக்கு ஒரு முடிவெடுத்தே ஆக வேண்டும் என்ற நிலையில் வாழும் யாருக்கும் அது வரும்.

ஆகவே அவருடைய "இனி எதுக்கு?" உண்மையான கேள்வி. நீங்கள் கொடுத்த மூச்சுப் பயிற்சியும் அட்டவணையும் நல்ல கருவிகள்தான், பதற்றத்தால் தூக்கம் போனவருக்கு நானும் கொடுப்பேன். இவர் கேட்டதற்கு அவை பதில் இல்லை, அதனால்தான் ஒட்டவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் உங்களிடம் பதிலையும் எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். 61 வயதுக்காரர், உங்களைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வாழ்ந்தவர், எதுக்கு வாழ்வது என்று இருபத்தைந்து வயதுப் பெண்ணிடம் தெரிந்துகொள்ள வரவில்லை. அந்தக் கேள்வியோடு தனியாக இருக்க முடியாமல் வருகிறார். கூட ஒரு ஆள் இருந்து, அதைப் பயப்படாமல் பார்த்தால் போதும்.

அந்த நான்கு தலைப்பையும் செருப்போடு சேர்த்து வெளியே விட்டுவிட்டு உள்ளே போங்கள். "இவருக்கு இருப்பது மரண பயமா, தனிமையா" என்று மனதுக்குள் தேடிக்கொண்டிருந்தால் அவர் பேசுவது காதில் விழாது. நம் முறையின் அடிப்படை வேலை, இருப்பதை இருக்கிறபடி விவரிக்க வைப்பது. இது ஹுஸ்ஸர்ல் என்ற தத்துவவாதியிடமிருந்து வந்தது. ஆலோசனைக்காக இதை மூன்று பழக்கமாகச் சொல்வார்கள். நம் முன்முடிவுகளைக் கொஞ்சம் ஓரமாக வைப்பது, விளக்கம் கேட்காமல் விவரம் கேட்பது, அவர் சொல்வதில் எது பெரிது எது சிறிது என்று நாம் தீர்மானிக்காமல் இருப்பது.

விவரம் கேட்பது எப்படி என்று காட்டிவிடுகிறேன். கீழே இருப்பது நான் கற்பனையாக எழுதிய பேச்சு. ஆனால் தோட்டத்துப் பெரியவர்களிடம் பேச்சு இப்படித்தான் போகும்.

"இனி எதுக்கு டீச்சர்?"

"இந்த நினைப்பு எப்ப வருது ஐயா? நாள் பூராவுமா, இல்ல ஏதாச்சும் ஒரு நேரத்துலயா?"

"காலைலதான்."

"காலைலன்னா?"

"சங்கு ஊதுறப்ப."

"அப்ப நீங்க எங்க இருப்பீங்க?"

"அடுப்புகிட்ட. தேத்தண்ணி போட்டுட்டு இருப்பேன். சங்கு கேட்டதும் கால் தன்னால எந்திரிச்சிரும். கதவு வரைக்கும் போவேன்."

"கதவுகிட்ட போயி?"

"நிப்பேன். எல்லாரும் போவாங்க. 'என்ன தாத்தா'ம்பாங்க. அப்புறம் கதவைச் சாத்திருவேன்."

"சாத்தினதும்?"

"உள்ள ஒண்ணும் இல்ல டீச்சர். அவ இருந்தா ஏதாச்சும் திட்டிக்கிட்டு இருப்பா."

"ஏன்" என்று ஒரு இடத்தில்கூடக் கேட்கவில்லை, கவனித்தீர்களா? "ஏன் அப்படித் தோணுது?" என்று கேட்டால் அவர் ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். "வயசாயிடுச்சு டீச்சர்" என்று சொல்லி முடித்திருப்பார், நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள். எப்போது, எங்கே, என்ன செய்தீர்கள், அப்புறம் என்ன என்று கேட்டதால் ஒரு வீடு தெரிகிறது, ஒரு கதவு தெரிகிறது, கேள்வி பிறக்கும் இடம் தெரிகிறது. வேலைக்குக் கூப்பிடும் சங்கு ஊதியதும் உடம்பு கிளம்புகிறது, வேலை இல்லை. திட்டுவதற்கு வீட்டில் ஆள் இல்லை. தனிமை என்ற சொல்லை நீங்கள் எடுக்கவே இல்லை, அது தானாக வந்து உட்கார்ந்துவிட்டது.

இந்த இடத்தில் பயிற்சியில் இருப்பவர்கள் பெரும்பாலும் "அவங்களை ரொம்ப மிஸ் பண்றீங்களா ஐயா?" என்று கேட்டுவிடுவார்கள். "ஆமா டீச்சர்" என்பார், அத்தோடு அது மூடிவிடும். நானாக இருந்தால், "என்னன்னு திட்டுவாங்க?" என்று கேட்பேன். அந்த அம்மாவின் குரலில் அவர் ஒரு வாக்கியம் சொல்லட்டும். அவர் முகம் மாறுவதைப் பாருங்கள். அதற்கு அப்புறம் பேசப்படுவது, அவர்கள் இருவரும் சேர்ந்து வாழ்ந்த வாழ்க்கையாக இருக்கும்.

முன்முடிவுகளை ஓரமாக வைப்பது சொல்வதற்குத்தான் சுலபம். அவர் வருவதற்கு முன் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, அவரைப் பற்றி நீங்கள் ஏற்கெனவே நம்புவதையெல்லாம் எழுதிப் பாருங்கள். "மகனோடு போய் இருப்பதுதான் அவருக்கு நல்லது." "வேலை போனதால்தான் இந்த வெறுமை." "அகதி மாதிரி வந்தவர், வேரிழந்தவர்." மூன்றாவதை நம்மில் நிறையப் பேர் சுமந்துகொண்டுதான் அவர்கள் எதிரில் உட்காருகிறோம். இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டது, தலைமன்னாரிலிருந்து கப்பல், மண்டபம் முகாம், அவர்களுக்கு வேலை கொடுக்கவே இங்கே அரசு தேயிலைத் தோட்டம் போட்டது, இந்த வரலாறு முழுக்க உண்மை. தெரிந்திருக்க வேண்டியதும்கூட. ஆனால் அவர் அந்த வரலாற்றின் எடுத்துக்காட்டாக உங்கள் முன் உட்காரவில்லை. மண்டபம் என்றதும் நீங்கள் துயரத்தை எதிர்பார்ப்பீர்கள். பத்து வயதுப் பையனாக முதன்முதலில் கடலில் கால் நனைத்த சந்தோஷத்தை அவர் சொல்லலாம். அப்போது அந்தச் சந்தோஷத்தோடு போங்கள், பின்னால் துயரம் ஒளிந்திருக்கிறது என்று கிண்டாதீர்கள்.

மூன்றாவது பழக்கத்துக்கு ஒரு உதாரணம். பேச்சு வாக்கில் "நாய்க்குச் சோறு வைக்கணும், கிளம்புறேன்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மனைவி இறந்ததை மூன்று பக்கம் குறிப்பெடுத்த நீங்கள் நாயை எழுதியிருக்க மாட்டீர்கள். எழுதுங்கள். திருப்பூரில் மகன் இருப்பது இரண்டு அறை வாடகை வீடாக இருந்தால் நாய் என்ன ஆகும்? அவர் போகிறேன் என்று சொல்லாமல் இருப்பதற்கு அந்த நாயே காரணமாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எது பெரியது என்பது இன்னும் நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அந்தச் சிரிப்புக்கு வருகிறேன். "எத்தனையோ பேருக்கு உதவியா இருந்திருக்கீங்களே" என்றது நல்ல மனதோடு சொன்னதுதான். கூடவே, கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அவர் கேட்கும்போது உங்கள் அடிவயிற்றில் ஏதோ செய்கிறது என்று. அந்த ஆறுதல் யாருக்குத் தேவைப்பட்டது என்று பாருங்கள். அவர் ஒரு பள்ளத்தைக் காட்டினார், நீங்கள் அவர் கையைப் பிடித்து வேறு பக்கம் திருப்பிவிட்டீர்கள். பெரியவர், உங்களைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். தப்பாக நினைக்காதீர்கள், இதைச் சரிசெய்ய முடியும், அதுவும் நம் முறையின் முக்கியமான திறமைகளில் ஒன்று. உங்கள் இருவருக்கும் நடுவில் நடந்ததையே எடுத்துப் பேசுவது. அடுத்த தடவை அவர் உட்கார்ந்ததும், "போன தடவை நான் ஒண்ணு சொன்னேன் ஐயா, நீங்க சிரிச்சீங்க. அதுக்கப்புறம் நீங்க பேசல. அந்தச் சிரிப்பு என் மனசுலயே இருக்கு. அப்ப உங்களுக்கு என்ன தோணுச்சு?" என்று கேளுங்கள். "அதெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சர்" என்பார் முதலில். "சரி ஐயா. ஆனா நான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்னு எனக்குத் தோணுச்சு" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். தன்னைவிட வயதில் சின்னவர், படித்தவர், டீச்சர் என்று அவர் மதிப்பவர், இப்படிச் சொல்வதை அவர் வாழ்க்கையில் அதிகம் கேட்டிருக்க மாட்டார்.

சும்மா இருப்பது பற்றி ஒரு வார்த்தை. அவர் கண் எங்கோ ஒரு இடத்தில் நிலைத்து, கை ஓய்ந்து, மூச்சு மெதுவாக இருந்தால் யோசித்துக்கொண்டிருக்கிறார். குறுக்கே போகாதீர்கள். கண் கதவையும் கடிகாரத்தையும் தேடினால், கால் நகர்ந்தால், தவிக்கிறார். அப்போது மெதுவாக, "எங்க இருக்கீங்க ஐயா இப்ப?" என்று கேட்கலாம். எத்தனை நொடி என்று எண்ணிக்கொண்டு உட்காருவது வேண்டாம்.

வான் டியூர்சன் ஒரு வரைபடம் கொடுத்திருக்கிறார். மனிதர் ஒரே நேரத்தில் நான்கு தளத்தில் வாழ்கிறார் என்பார். உடலும் இயற்கையும் சார்ந்த தளம், பிற மனிதர்களோடான தளம், தனக்குள் தானாக இருக்கும் தளம், எதை நம்பி வாழ்கிறோம் என்ற தளம். இதைப் படிவமாக்கி அவரிடம் நீட்டாதீர்கள். பேசி முடித்தபின், இன்றைக்கு எந்தத் தளத்தைத் தொடவே இல்லை என்று நீங்கள் பார்த்துக்கொள்ள உதவும். இந்த மலையில் சரிவும் குளிரும் பழகிய உடம்பு, திருப்பூர் வெயிலில் எப்படி இருக்கும்? லைனில் அவரை மாமா, சித்தப்பா என்று கூப்பிடுகிறவர்கள் எத்தனை பேர்? வேலை இல்லாத நேரத்தில் அவர் தன்னை யார் என்று நினைத்திருக்கிறார்? தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் அவருக்கு என்ன பொறுப்பு இருந்தது? அந்த அம்மாவைத் தோட்டத்து மயானத்தில்தான் அடக்கம் செய்தார்களா? கடைசிக் கேள்வியை நீங்கள் எடுக்காதீர்கள். அது உண்மையானால் அவரே வருவார், அதுவரை காத்திருங்கள்.

இப்போது நான் முக்கியம் என்று நினைக்கும் இடம். அவர் "போகிறேன்" என்றும் சொல்லவில்லை, "போகமாட்டேன்" என்றும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நீங்கள் பிரச்சினையாகப் பார்க்கிறீர்கள், எனக்கு அதுதான் வாசல் என்று தோன்றுகிறது. யோசித்துப் பாருங்கள். பத்து வயதில் பெற்றோர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். எந்த மலை, எந்தத் தோட்டம் என்பதை வேறு யாரோ முடிவு செய்தார்கள். வேலையோடு வீடு வந்தது, எந்த லைன், எந்தக் கதவு என்பதும் அவர்கள் கொடுத்ததுதான். இப்போது வேலையோடு வீடும் போகிறது. மகன் ஒரு இடம் சொல்கிறார். எங்கே இருக்கப்போகிறேன் என்பதை அவரே முடிவு செய்ய வேண்டியிருப்பது ஒருவேளை இதுதான் முதல் தடவையோ? அப்படியானால் அந்தத் தயக்கம் சோம்பலும் இல்லை, பிடிவாதமும் இல்லை. சுதந்திரம் என்று நீங்கள் புத்தகத்தில் படித்தது இப்படித்தான் வந்து நிற்கும், தலைசுற்றலோடு.

இது என் ஊகம். ஊகத்தை ஊகமாகவே அவர் முன் வைக்க வேண்டும். "எனக்கு ஒண்ணு தோணுது ஐயா, தப்பா இருந்தா சொல்லுங்க. நீங்க எங்க இருக்கணும்னு இதுவரைக்கும் யாராவது உங்ககிட்ட கேட்டிருக்காங்களா?" கேட்டுவிட்டு நிறுத்திவிடுங்கள். உடனே, "திருப்பூரா, கூடலூர் பஜார் பக்கம் ஒரு வாடகை வீடா, சொந்தக்காரங்க வீடா" என்று நீங்கள் பட்டியல் போட ஆரம்பித்தால், அவருக்காக முடிவெடுக்கும் இன்னொரு ஆளாகிவிடுவீர்கள். பட்டியலை அவர் போடட்டும். ஒரு மாதம் மகனிடம் இருந்து பார்த்துவிட்டு வரலாம் என்று அவருக்கே தோன்றலாம். மகனிடம் பேச வேண்டும் என்றால் அவர் சம்மதத்தோடு, அவர் பக்கத்தில் இருக்கும்போது பேசுங்கள். தனி மனிதன், தனி முடிவு என்று மேல்நாட்டுப் புத்தகத்தில் இருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. மகனைக் கேட்டு முடிவெடுப்பதும் அவர் எடுக்கும் முடிவுதான்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். வீடு போவது அவருடைய மனப் பிரச்சினை இல்லை. அது நிஜமான நோட்டீஸ், நிஜமான தேதி. அதை "அர்த்தத் தேடல்" என்று பேசிக்கொண்டு உட்கார்ந்தால் நாம் அவருக்குத் துரோகம் செய்கிறோம். கடிதத்தை வாங்கிப் படியுங்கள். பணிக்கொடை (கிராஜுவிட்டி) வந்துவிட்டதா? நிறைவு செய்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் கூலி அவருக்கு வர வேண்டும். வருங்கால வைப்பு நிதிக் கணக்கு முடிந்ததா? அதோடு சேர்ந்த ஓய்வூதியம், குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய், வருகிறதா? தொழிற்சங்கத்திலும் இலவச சட்ட உதவி மையத்திலும் விசாரிக்க உங்கள் நிறுவனத்தில் வேறு ஒருவர் இருந்தால் அவரிடம் கொடுங்கள், இல்லையென்றால் நீங்களே செய்யுங்கள். எது அவர் கையில் இல்லை என்பது தெளிவாகத் தெரிந்தால்தான், எது அவர் கையில் இருக்கிறது என்று பேச முடியும்.

பிராங்கிளைப் படிக்கும்போது ஒரு நிகழ்ச்சி உங்களைக் கட்டாயம் இழுக்கும். வயதான மருத்துவர் ஒருவர், மனைவி இறந்து இரண்டு ஆண்டாகியும் துயரம் தீராமல் அவரிடம் வருகிறார். நீங்கள் முதலில் போயிருந்தால் அவர் என்ன பாடு பட்டிருப்பார் என்று பிராங்கிள் கேட்கிறார். அந்த வேதனை அவருக்கு வராமல் நீங்கள் சுமக்கிறீர்கள் என்கிறார். மருத்துவர் கைகொடுத்துவிட்டு அமைதியாகப் போகிறார். அற்புதமான தருணம், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் உங்கள் பெரியவருக்கும் இரண்டு வருடம், அவரும் மனைவியை இழந்தவர் என்று அதையே எடுத்துச் சொல்லிவிடாதீர்கள். போன தடவை சொன்ன ஆறுதலின் இன்னொரு வடிவமாகத்தான் அது போய்ச் சேரும். பிராங்கிளிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. அர்த்தம் மூன்று வழியில் வரலாம் என்றார்: ஏதாவது ஒன்றைச் செய்வதில், யாரையாவது எதையாவது நேசிப்பதில், தவிர்க்கவே முடியாத துன்பத்தை எப்படி எதிர்கொள்கிறோம் என்பதில். மூன்றாவது வழி தவிர்க்க முடியாத துன்பத்துக்கு மட்டும்தான். வீட்டு விஷயத்தில் தவிர்க்க முடிந்ததைத் தவிர்க்க முயன்ற பிறகே அங்கே போக வேண்டும்.

"எல்லாம் தலையெழுத்து டீச்சர்" என்று அவர் எப்படியும் ஒரு நாள் சொல்வார். வாதாடாதீர்கள், ஆமாம் போடவும் வேண்டாம். "அப்படிச் சொல்றப்ப மனசு லேசாகுதா, பாரமாகுதா ஐயா?" என்று கேளுங்கள். சிலருக்கு அந்தச் சொல் சாய்ந்துகொள்ளும் சுவர். மனைவியின் சாவைச் சொல்லும்போது அவருக்கு அது தேவைப்படலாம், அதைப் பிடுங்க நமக்கு உரிமை இல்லை. வீட்டைப் பற்றிச் சொல்லும்போதும் அதையே சொன்னால், அங்கே முடிவெடுப்பதிலிருந்து தப்பிக்க அது உதவுகிறதா என்று சேர்ந்து பார்க்கலாம். ஒரே ஆள், ஒரே சொல், இடத்துக்கு இடம் வேறு வேலை.

உங்கள் அடிவயிற்று விஷயம். அதை அடக்க வேண்டாம். இந்த முறையில் நம் பயத்தையும் கூட்டிக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். சந்திப்பு முடிந்ததும் ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, இடது பக்கம் அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். வலது பக்கம் அந்த நேரம் உங்களுக்கு என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். வலது பக்கம் அவருக்குக் காட்டுவதற்கு அல்ல, உங்கள் மேற்பார்வையாளரிடம் பேசுவதற்கு. மேற்பார்வையாளர் என்று யாரும் இல்லை என்றால், கோவையிலோ ஊட்டியிலோ அனுபவமுள்ள ஒருவரை மாதம் ஒரு முறை போனிலாவது பிடித்துக்கொள்ளுங்கள். செலவை நிறுவனம் ஏற்க வேண்டும் என்று கேளுங்கள், கேட்க வெட்கப்பட வேண்டாம். இந்த வேலையைத் துணையில்லாமல் செய்தால் சீக்கிரமே பேச்சு எந்திரத்தனமாகிவிடும். வலது பக்கத்தில் உங்கள் அப்பாவோ தாத்தாவோ வந்து நின்றால் ஆச்சரியப்படாதீர்கள். அவர்களைப் பற்றிப் பேச வேண்டிய இடம் அந்தப் போன்தான், பெரியவரின் நேரம் இல்லை.

எப்போது முடிப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இந்த மாதிரிப் பேச்சு முடிவில்லாமல் போகத் தேவையில்லை. வாரம் ஒரு தடவை, வீட்டு விஷயம் முடிவாகும் வரை என்று இப்போதே அவரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். முடிவு தேதி தெரிந்திருப்பதே இருவரையும் முக்கியமானதைப் பேச வைக்கும். மனைவியிடம் விடைபெறக் கிடைத்ததோ இல்லையோ, உங்களிடம் முறையாக விடைபெற்றுப் போகட்டும்.

கடைசியாக, நடந்துகொண்டே பேசலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக. நாற்காலியில் எதிரெதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துப் பேசுவது தோட்டத்து ஆண்கள் பலருக்குச் சங்கடம். பக்கத்தில் நடக்கும்போது பேச்சு தானாக வரும், வழியில் இருக்கும் ஒவ்வொரு மரமும் காடும் அவருக்கு ஏதாவது ஞாபகப்படுத்தும். ஆனால் முதலில் அவரிடம் கேளுங்கள். உங்களோடு நடப்பதை லைனில் பார்ப்பார்கள், யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். ஆள் நடமாட்டம் உள்ள, ஆனால் காதில் விழாத பாதையாக இருக்கட்டும். அவர் மூட்டு எவ்வளவு ஏற்றம் தாங்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள், மழைக் காலத்தில் அங்கன்வாடியோ வாசகசாலையோ பிள்ளைகள் போன பிறகு கிடைக்குமா என்று இப்போதே பேசி வையுங்கள். விடியற்காலையும் பொழுது சாய்ந்த பிறகும் வேண்டவே வேண்டாம், உங்கள் பக்கத்தில் யானை நடமாட்டம் அதிகம். காலை பத்து மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். சங்கு ஊதும் நேரத்தை அவரோடு போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால், வனத்துறையின் எச்சரிக்கைச் செய்தியைப் பார்த்துவிட்டு, லைனிலேயே, அவர் வாசல்படியில் உட்கார்ந்து பாருங்கள்.